வடக்குச் சுவர்

– இல்லைத் தம்பி, விரலால இல்லை. முழு உள்ளங்கையால. சுவரில வைச்சுக் கீழ நோக்கி ஒரு முழம் இழும். பிறகு கையை எனக்குக் காட்டும்.

– இந்தாங்கோ பீற்றர் அண்ணை. தெரியுதோ? வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. பள்ளிக்கூடத்தில கரும்பலகை துடைச்ச கை மாதிரி, சரியோ?

– றொசா, அந்தப் போனைக் கொஞ்சம் கிட்டப் பிடியும். நீர் அவற்ற முகம் தெரியிற மாதிரிப் பிடிக்கிறீர். எனக்குக் கை தெரியவேணும்.

– நான் ஒருத்தற்ற முகத்தையும் பாக்கேல்லை அத்தான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. லெஸ்லி, கையை வெளிச்சத்துக்குக் காட்டுங்கோ. இவர் டொக்ரர் மாதிரிப் பாக்கப் போறாராம்.

– டொக்ரர் தான். கேளும் தம்பி, நான் லண்டனுக்கு வர முதல் டோஹாவில ஒன்பது வருசம் வில்லாக்களுக்குப் பெயின்ற் அடிச்சனான். பாலைவனத்து வெயில் என்ன செய்யும் தெரியுமோ? பெயின்றுக்குள்ள இருக்கிற பசையைத் திண்டுபோடும். பசை போனால் மிச்சம் மா. அந்த மா தான் உம்மட கையில கிடக்கு. இனி அந்தச் சுவர் தண்ணியைத் தடுக்காது.

– இஞ்ச தண்ணிக்கு எங்க போறது அண்ணை. இந்த ஊர் அவுஸ்திரேலியாவின்ர நட்ட நடு. சுத்திவரச் செம்மண். நான் வந்த நாலு வருசத்தில ஒரு குடை வாங்கேல்லை.

– பெய்யிற நாளில ஒரேயடியாப் பெய்யும், பாத்துக்கொண்டிரும். எங்கட டோஹாவிலயும் அப்பிடித்தான். வருசத்தில ரெண்டு நாள் மழை, அந்த ரெண்டு நாளும் முதலாளி எங்களைத்தான் ஏசுவான். சரி, சுவரில கொஞ்சம் தண்ணி எத்தும் பாப்பம்.

– தண்ணியோ? பொறுங்கோ. பைப் இந்தப் பக்கம்... இல்லை, மற்றப் பக்கம் போல.

– என்ன லெஸ்லி, வீட்டைச் சுத்திச் சுற்றுலா போறீங்களோ?

– வாங்கி மூண்டு மாசம் தானே றொசாந்தி. ஷிப்ட், நித்திரை, ஷிப்ட். வெளிப்பக்கம் வந்து பாக்கிறதே இல்லை, சரியோ? பரவாயில்லை, பைக்குள்ள போத்தல் தண்ணி கிடக்கு. அதை ஊத்துறன்.

– ஊத்தும். ம். பாத்தீரோ றொசா, உருண்டு ஓடேல்லை. அப்பிடியே குடிச்சுக் கறுத்துப் போச்சுது. நல்ல பெயின்ற் எண்டால் தண்ணி மணி மணியா வழுக்கி விழவேணும்.

– சுவருக்குத் தாகம்.

– உமக்கு எல்லாம் கதை. தம்பி, இனி யன்னல் மூலையைப் பாரும். மூலையில இருந்து சரிவா வெடிப்பு ஓடுதோ?

– ஓடுது அண்ணை. ரெண்டு மூலையிலயும்.

– நகம் நுழையுமோ?

– நுழையாது. தலைமயிர் தான் நுழையும்.

– அப்ப பயமில்லை. மயிர் அளவு எண்டால் தோல் வெடிப்பு, பெயின்ற் மட்டும் தான். நகம் போகுதெண்டால் தசை வெடிப்பு, சீமெந்தையும் பாக்கவேணும். பகல் முழுக்கக் கொதிச்சு இரவில குளிர்ந்தால் சுவர் விரிஞ்சு சுருங்கும். பழைய பெயின்றுக்கு அதோட சேர்ந்து விரிய ஏலாது, வெடிச்சுப் போடும். யன்னல் சட்டத்தைச் சுத்தி ரப்பர் மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், அமத்திப் பாரும்.

– அமத்த உடைஞ்சு விழுது. பிஸ்கற் மாதிரி.

– சரி, முடிஞ்சுது. பெயின்ற் அடிக்கத்தான் வேணும். எந்தச் சுவர் எவ்வளவு மோசம் எண்டு பாக்கவேணும், நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பும். கூரை விளிம்புக்குக் கீழ வெயில் படாமல் ஒரு சாண் நிறம் தப்பிக் கிடக்கும், அதுவும் நடுச்சுவரும் ஒரே படத்தில வரவேணும். எந்தப் பக்கம் எண்டு கீழ எழுதிவிடும்.

– ஓம் அண்ணை. இப்பவே எடுத்து அனுப்பிப்போட்டுப் போறன். உங்களுக்கு விடிய எட்டரை, எனக்குப் பின்னேரம் அஞ்சு. ஆறு மணிக்கு ஷிப்ட். வார்ட்டுக்குள்ள போக முதல் போனை லொக்கருக்குள்ள வைச்சிடவேணும். இடைவேளையில தான் இனிப் பாப்பன், சரியோ?

– நிறத்தை இவ சொல்லட்டும். இருக்கப்போறது இவ தானே.

– ஓம்... ஓம் அண்ணை. றொசாந்தி சொல்லட்டும்.

– நான் யோசிச்சுச் சொல்லுறன் லெஸ்லி. கவனமாப் போங்கோ.

– போட்டு வாறன்.

– வைச்சிட்டாரோ?

– வைச்சிட்டார்.

– நீர் சிரிக்கிறீர்.

– நான் ஒண்டும் சிரிக்கேல்லை. அந்தக் கப்பைப் புத்தகத்துக்கு மேல வைக்காதேங்கோ அத்தான்.

– மேசையில வேற இடமிருக்கோ? ஃபாரஸ்ட் கேட்டில இருந்து அக்காவைப் பாக்க வாறதெண்டாலும் மூண்டு புத்தகத்தோட தான் வருவீர். இதென்ன, பென்சிலால கோடு கோடா? சோதினைக்குப் படிக்கிறீரோ?

– மொழிபெயர்ப்பு நாவல். வாசிக்கேக்கை பிழை கண்டால் கோடு போட்டு வைப்பன்.

– வைச்சு ஆருக்குக் காட்டப் போறீர்?

– ஒருத்தருக்கும் இல்லை. இந்தா பாருங்கோ, நாப்பதாம் பக்கத்தில குதிரையில வாறவன் நாப்பத்தோராம் பக்கத்தில கழுதையில இருந்து இறங்குறான். இதைக் கண்டுகொண்டு சும்மா இருக்க ஏலுமோ?

– அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரே தொழில் தான். நான் சுவரில பிழை பிடிக்கிறன், நீர் கடதாசியில.

– உங்களுக்குச் சம்பளம் வரும்.

– ஏச்சும் வரும். உம்மட அக்கா விடிய ஷிப்டுக்கு வெளிக்கிடேக்கை என்ன சொன்னவ தெரியுமோ? ‘வீட்டை வடிவாப் பாருங்கோ, ஆளைப் பிறகு பாக்கலாம்’ எண்டு. மாமி பூசைக்குப் போகேக்கையும் அதே வசனம். பிறேமினிக்குத் தாய் சொல்லிக் குடுத்ததோ, தாய்க்குப் பிறேமினி சொல்லிக் குடுத்ததோ தெரியாது.

– அம்மா போன மாசம் முதல் முதலா லெஸ்லியோட கதைக்கேக்கை அவற்ற முழுப்பேர் கேக்க முதல் வீடு சொந்தமோ எண்டு கேட்டவ. நான் பக்கத்தில இருக்கிறன். எனக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை. அவர் ‘வீடோ அன்ரி?’ எண்டு திருப்பிக் கேட்டார். பிறகு ‘ஓம் அன்ரி, இருக்கு’ எண்டார். அம்மா விட்டவவோ? ‘எங்கட மூத்த மருமகன் பெயின்ரர், பாலைவனத்தில வேலை செய்தவர், பாத்துச் சொல்லுவார்’ எண்டிட்டா.

– மாமியில பிழை சொல்ல ஏலாது. ரொறொன்ரோக்காரன் செய்த வேலை அப்பிடி.

– அவன்ர கதை இப்ப வேண்டாம்.

– வேண்டாம் தான். ஆனா எனக்கு இன்னும் ஆறேல்லை. ‘என்ர குசினி’ எண்டு அவன் காட்டின படம் வீடு விக்கிற விளம்பரத்தில இருந்த படம். எங்களுக்கு எப்ப தெரிய வந்தது? கோயிலில கலியாணத்தை அறிவிச்சு, மண்டபமும் பிடிச்சாப் பிறகு. மாமி அதுக்குப் பிறகு ஆறு மாசம் இந்தப் பங்குக் கோயிலுக்குப் போகேல்லை. பஸ் எடுத்து வேற கோயிலுக்குப் போனவ.

– எனக்கு வீடு ஒரு நாளும் பெரிசில்லை அத்தான். அண்டைக்கும் சொன்னனான். அவன் ஒரு அறையில இருக்கிறன் எண்டு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன். ஒரு யன்னல், புத்தகம் வைக்க ஒரு தட்டு. வேற என்ன வேணும்? பொய் தான் ஏலாது. இனி ஒருத்தன் ஒரு பொய் சொன்னால் அதோட சரி. ரெண்டாவது பொய்க்கு நான் நிக்கமாட்டன்.

– லெஸ்லிக்கு இது தெரியுமோ?

– ரொறொன்ரோக் கதை சொல்லேல்லை. எட்டு மாசமாக் கதைக்கிறம். அவர் தன்ர ஊர் காகத்தைப் பற்றி, வார்ட்டில இருக்கிற கிழவரைப் பற்றி, றோட்டில கங்காரு படுத்திருக்கிறதைப் பற்றிச் சொல்லுவார். நான் வாசிச்ச கதையைச் சொல்லுவன். என்ர கதையைச் சொல்ல ஏனோ வரேல்லை. போய்ச் சொல்லலாம் எண்டிருக்கிறன்.

– அங்க போற பிளேன் ரிக்கெற் எப்ப?

– வாற மாசம் ஒன்பதாம் திகதி. சும்மா பாத்திட்டு வாறதுக்குத் தான். பிடிச்சால்...

– பிடிச்சால்?

– படம் வந்திட்டுது. எட்டுப் படம். பாருங்கோ, ஒவ்வொண்டுக்கும் கீழ பேர் எழுதியிருக்கிறார். எவ்வளவு ஒழுங்கான மனுசன்.

– தாரும். பெரிசாக்கிக் காட்டும், என்ர கண்ணாடி வெளியில நிக்கிற வானுக்குள்ள கிடக்கு. ம். இது வாசல். கூரை விளிம்புக்குக் கீழ பாரும், நல்ல செங்கல் நிறம். நடுச்சுவர் எப்பிடி? பழைய பல்லு மாதிரி. குறைஞ்சது ஏழு வருசம் ஒருத்தரும் தொடேல்லை. தபால் பெட்டியும் பெயின்ற் உரிஞ்சு, வாய் நிறையக் கடதாசி பிதுங்கிக்கொண்டு நிக்குது.

– ஷிப்ட் செய்யிற ஆள் அத்தான். என்ர வாசலில போய்ப் பாருங்கோ, பீற்சாக்கடைக் கடதாசி மட்டும் ஒரு கட்டு.

– அடிச்சுவரைப் பாரும். முழங்கால் உயரத்துக்கு ஊத்தை எண்டு நினைப்பீர். ஊத்தை இல்லை, அரிப்பு. காத்தோட மணல் வந்து அடிச்சு அடிச்சு உரஞ்சினது. டோஹாவில புதுசா வந்த பெடியள் அதைத் தேய்ச்சுக் கழுவப் போவாங்கள். கழுவக் கழுவச் சுவர் தான் கரையும்.

– சந்திரனுக்குக் கிட்டப் போய் நிண்டு பாக்கிற மாதிரி இருக்கு.

– அடுத்தது.

– இது பின்பக்கம்.

– இதென்ன, இது வேற வீடு மாதிரிக் கிடக்கு. நிறம் அப்பிடியே இருக்கு. வெடிப்பில்லை. ஒரு மூலையில கொஞ்சம் வெளிறல், அவ்வளவு தான். கீழ என்ன எழுதியிருக்கு?

– ‘பின்சுவர், தெற்கு.’

– தெற்கோ? வாசலுக்கு என்ன எழுதினவர்?

– ‘முன்சுவர், வடக்கு.’

– வடிவா வாசியும்.

– எழுத்து வடிவாத்தான் இருக்கு அத்தான். வடக்கு.

– சரியில்லை.

– என்ன சரியில்லை?

– அந்தக் கப்பை அங்கால வையும். கேளும் றொசா. ஒன்பது வருசம் நான் மத்தியானச் சோறு எங்க இருந்து திண்டனான் தெரியுமோ? வடக்குச் சுவரில முதுகைச் சாய்ச்சுக்கொண்டு. நான் மட்டுமில்லை, பன்னிரண்டு பேர் வரிசையா. ஏன்? ஒரு வீட்டைச் சுத்திக் கிடக்கிற ஒரே நிழல் அது தான். வெயில் கிழக்கால வரும், தெற்கால சுத்தும், மேற்கால போகும். தெற்குச் சுவரில கை வைச்சால் கொப்பளிக்கும். தெற்கும் மேற்கும் முதல் சாகும். வடக்குச் சுவர் கடைசியாச் சாகும். முன்னூறு வீடு அடிச்சிருப்பன். ஒரு வீட்டிலயும் இது மாறினதில்லை.

– அது டோஹாவில.

– இஞ்ச குட்மேய்ஸில மட்டும் என்ன? அக்கா தக்காளி வைச்சிருக்கிறது பின்வளவில, அது தெற்கு. வாசல் வடக்கு, படியெல்லாம் பாசி. போன கிழமை தபால்காரன் வழுக்கி விழப் பாத்தவன்.

– ஊரில?

– ஊரில அரை வருசம் அந்தப் பக்கம், அரை வருசம் இந்தப் பக்கம். ரெண்டும் காயும். ஆனா இப்பிடி வடக்குச் சுவர் எலும்பாப் போய், தெற்குச் சுவர் புதுமாப்பிள்ளை மாதிரி நிக்கிறது உலகத்தில இல்லை.

– அப்ப பேரை மாறிப் போட்டிருப்பார். அவசரத்தில.

– மற்றப் படங்களையும் தள்ளிப் பாரும், மேற்கு சரியாக் கிடக்கு. கிழக்கு சரியாக் கிடக்கு. வடக்கும் தெற்கும் மட்டும் எப்பிடி மாறும்? தன்ர வாசல் எந்தப் பக்கம் பாத்து நிக்குதெண்டு தெரியாமல் ஒருத்தன் தன்ர வீட்டில இருப்பானோ? எங்கட ஆக்கள் வீடு பாக்கப் போனால் விலை கேக்க முதல் வாசல் திசை கேக்கிற சாதி.

– நீங்கள் என்ன சொல்ல வாறீங்கள்?

– நான் ஒண்டும் சொல்லேல்லை. தண்ணிப் பைப் எங்க எண்டும் தெரியேல்லை அவருக்கு.

– மூண்டு மாசம் தானே எண்டவர்.

– மூண்டு மாசமாப் பூமரத்துக்கு ஒரு வாளி தண்ணி விடேல்லையோ?

– பூமரம் இல்லை.

– வீட்டுக்குள்ள காட்டினவரோ? குசினி? படுக்கிற அறை?

– நேரமில்லை எண்டவர்.

– மூண்டு மாசமா நேரமில்லையோ?

– வீடியோவில வழக்கமா அவருக்குப் பின்னால ஒரு வெள்ளைச் சுவர் தான் இருக்கும். நான் ஒரு நாளும் கேக்கேல்லை. கேக்கிறது எனக்கு வடிவாப் படேல்லை.

– உமக்குக் கோவம் வந்தால் வரட்டும். ஆரோ ஒருத்தற்ற வீட்டுக்கு முன்னால நிண்டு, திசையை ஊகிச்சு எழுதியிருக்கு. சுவர் பொய் சொல்லாது றொசா. மனுசர் சொல்லுவினம்.

– போதும் அத்தான்.

– இப்ப போனில என்ன செய்யிறீர்?

– எழுதுறன்.

– ஆருக்கு? பொறும். மாமி வரட்டும். அக்காவோடயும் ஒருக்காக் கதைச்சு...

– போனமுறை எல்லாரோடயும் கதைச்சுக் கதைச்சுத் தான் மண்டபம் வரைக்கும் போனது. இந்தமுறை நானே முடிக்கிறன்.

– என்ன எழுதினனீர்?

– ‘அது உங்கட வீடில்லை எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. இனிக் கதைக்கத் தேவையில்லை. நான் வரேல்லை.’

– அனுப்பிட்டீரோ?

– அனுப்பிட்டன்.

– பாத்திட்டாரோ?

– இல்லை. ரெண்டு சரி அடையாளமும் சாம்பல் நிறமாக் கிடக்கு. போன் லொக்கருக்குள்ள இருக்கும். நீங்கள் வெளிக்கிடுங்கோ அத்தான். சட்டனில வேலை எண்டீங்கள்.

– ஓம். ஸ்ரீஸ்கந்தராஜா வீடு. பத்து மணிக்கு எண்டனான்.

– அப்ப போங்கோ. நான் நல்லாத்தான் இருக்கிறன்.

– சரி. அப்ப வாறன்.

– ...

– கதவைத் திறவும். நான் தான்.

– என்ன, வான் வரைக்கும் போட்டுத் திரும்பி வாறீங்கள்?

– கண்ணாடி எடுக்கப் போனனான். பிந்தி வாறன் எண்டு ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குச் சொல்லிப்போட்டன். நல்ல மனுசன், ஒண்டும் சொல்லேல்லை. நீர் அந்தக் கப்பை இன்னும் கழுவி முடிக்கேல்லையோ?

– ஊத்தை போகுதில்லை.

– அது கப்பில இருக்கிற பூ. விடும், இரும். எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. நல்ல பெடியன் மாதிரித்தான் கதைச்சவர். கை காட்டச் சொன்னால் கை காட்டினவர். இதென்ன கதை, இந்தப் புத்தகம்?

– என்னைச் சிரிக்க வைக்கப் பாக்காதேங்கோ.

– சும்மா கேக்கிறன்.

– ஒரு கிழவர். மனுசி செத்தாப் பிறகு மலை அடிவாரத்தில ஒரு வீட்டில தனிய இருக்கிறார். ஒண்டும் நடக்காது. மாவு பிசைவார், கடிதம் எழுதுவார், அனுப்பமாட்டார். எனக்குப் பிடிக்கும்.

– இஞ்சயும் ஒரு நீட்டுக் கோடு. வாசிக்கட்டோ? ‘குளிர் முற்றிய அந்த மாதத்தில் கிழவர் தினமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வடக்கு முற்றத்துக்குப் போய் வெயில் காய்ந்தார். தெற்கு அறையை அவர் திறப்பதே இல்லை. அதன் சுவர்களில் பாசி ஏறியிருந்தது.’ பக்கத்தில நீர் எழுதியிருக்கிறீர், ‘வடக்கும் தெற்கும் மாறிவிட்டன. மொழிபெயர்ப்பாளர் தூங்கிவிட்டார்.’

– ஓம். ரெண்டு கிழமைக்கு முதல் எழுதினது. மூண்டு இடத்தில அதே பிழை விட்டிருக்கிறார்.

– மூண்டு இடத்திலயும் அதேயோ?

– ஓம்.

– றொசா.

– ம்.

– இது எந்த நாட்டுக் கதை?

– சிலி.

– அது எங்க கிடக்கு?

– தென் அமெரிக்காவில. கடலோட ஒட்டி நாடா மாதிரிக் கீழ இறங்கிக்கொண்டு போகும்.

– கீழ எண்டால்? பூமத்திய ரேகைக்குக் கீழயோ?

– ஓம்.

– அவுஸ்திரேலியா?

– அதுவும் கீழ தான்... அத்தான்.

– அந்த முதல் படத்தை எடும். கண்ணாடி போட்டு நான் அதை இன்னும் பாக்கேல்லை. வாசல் படம். கூரையைப் பெரிசாக்கும். அது என்ன, சோலர் தகடோ?

– ஓம்.

– எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?

– வாசல் பக்கம்.

– பக்கத்து வீட்டில?

– அதுவும் அதே பக்கம். அங்கால தெரியிற வீட்டிலயும். எல்லாம் வடக்குப் பாத்துத் தான் கிடக்கு.

– வெயிலைப் பிடிக்கத் தகடு பூட்டுறவன் நிழல் பக்கம் பூட்டுவானோ? ஒரு ஊர் முழுக்க?

– அப்ப அங்க வெயில்...

– வடக்கால நிக்குது. எங்களுக்கு ஏன் தெற்கால நிக்குது? நாங்கள் மேல நிக்கிறம். அவர் கீழ நிக்கிறார். அவருக்கு அது வடக்கால தானே நிக்கும். யேசுவே. நான் சோறு திண்ட இடத்தை வைச்சு உலகத்தை அளந்திருக்கிறன்.

– அப்ப வடக்குச் சுவர் தான் காயும்.

– வடக்கும் மேற்கும். அவர் எழுதினது எழுத்துக்கு எழுத்துச் சரி. உம்மட மொழிபெயர்ப்பாளரும் நித்திரை கொள்ளேல்லை.

– போன் எங்க?

– உம்மட கையில.

– இன்னும் சாம்பல். பாக்கேல்லை அத்தான், இன்னும் பாக்கேல்லை. அழிக்கிறன்.

– ரெண்டு பேருக்கும் அழியிற மாதிரி அழியும். போன முறை என்ர போனில மட்டும் அழிச்சுப்போட்டு நான் பட்ட பாடு.

– அழிச்சிட்டன். ‘அழிக்கப்பட்டது’ எண்டு ஒரு வரி மட்டும் கிடக்கு.

– அது கிடக்கட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதும். என்ர பேரைப் போட்டு எழுதும். பெயின்ரருக்குப் பூமி உருண்டை எண்டு தெரியாது எண்டு எழுதும்.

– நான் வேற ஒண்டு எழுதுறன்.

– என்ன?

– ‘நிறம் யோசிச்சிட்டன். கூரை விளிம்புக்குக் கீழ தப்பிக் கிடக்கிற அந்தப் பழைய நிறத்தையே அடிப்பம்.’

– ‘அடிப்பம்’ எண்டோ எழுதினனீர்?

– ஓம்.

– அப்பிடியெண்டால் நான் ஒருக்கால் வந்து நிக்கவேண்டி வரும் போல. அவருக்குச் சொல்லும், வெயில் படுற சுவரில தூரிகை வைக்கக் கூடாது, காயமுதல் பொருக்கு வெடிக்கும். நிழல் எந்தச் சுவருக்கு வருதோ அந்தச் சுவருக்கு நாங்கள் போகவேணும். விடிய மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்கு. வடக்குக்கு...

– வடக்குக்கு?

– வடக்குக்கு என்னைக் கேக்காதேயும். அவரைக் கேளும்.

– இப்ப தான் நீங்கள் சிரிக்கிறீங்கள்.

– நீரும் தான். சரி, நான் வாறன். ஸ்ரீஸ்கந்தராஜா எவ்வளவு நல்ல மனுசன் எண்டாலும் மத்தியானத்துக்குள்ள போகவேணும். மாமி வந்தால் சொல்லும், வீட்டை வடிவாப் பாத்தாச்சு, பெயின்ற் மட்டும் தான் குறை எண்டு.

– பொறுங்கோ அத்தான்.

– என்ன?

– சரி அடையாளம் நீலமாயிட்டுது. பாத்திட்டார்.

– லொக்கருக்குள்ள எண்டவர்?

– எழுதிக்கொண்டிருக்கிறார்... நிப்பாட்டுறார்... திரும்பவும் எழுதுறார்.

– நல்ல நிறம் எண்டு சொல்லப் போறார், வேற என்ன.

– வந்திட்டுது.

– றொசா? என்னவாம்? வாசியும்.

– ‘அழிக்கத் தேவையில்லை. லொக்கரைப் பூட்டேக்கையே நீர் முதல் அனுப்பினதைத் திரையில கண்டிட்டன், மனம் கேக்காமல் திரும்பி வந்து எழுதுறன். நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர் எண்டு தெரியேல்லை. ஓம், அது என்ர வீடில்லை. நான் ஆஸ்பத்திரி விடுதியில ஒரு அறையில இருக்கிறன்.’